கடலூர் மாநகராட்சி மன்றத்துக்கு: மண்ணுக்குள் இருக்கும் நம் தொட்டிகளை மழைக்கு முன் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், துணை மேயர், ஆணையர், பொறியாளர்கள், 45 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் மாநகராட்சிக்குச் சொந்தமாகத் தரைக்குக் கீழே இருக்கும் தொட்டிகளைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். குடிநீரைச் சேர்த்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் சம்புகள், பொதுக் கழிப்பிடங்களுக்கும் பள்ளிகளுக்கும் பின்னால் இருக்கும் செப்டிக் டேங்குகள், கழிவுநீரை உந்தி அனுப்பும் நிலையங்களின் கிணறுகள் என எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். இவற்றில் எவை கசிகின்றன என்பதை வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் சோதித்துப் பார்த்து, முடிவைத் தொட்டிவாரியாக மக்களுக்கு வெளியிட வேண்டும். கசியும் தொட்டிகளைச் சரிசெய்ய ஒரு கெடு வைக்க வேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். இதைச் சாலை, தெருவிளக்கு, பூங்கா ஆகியவற்றுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதி மடல்.

கட்டுமான வேலைகளில் மேற்பார்வையாளனாகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அடுக்குமாடியோ பள்ளியோ திருமண மண்டபமோ, எங்கே வேலை தொடங்கினாலும் முதலில் தோண்டப்படுவது சம்புக்கான குழி. முதலில் மறக்கப்படுவதும் அதுதான். மூடியைப் போட்டு, சுற்றிலும் தளம் போட்டுவிட்டால் அது கசிகிறதா என்று பிறகு எவரும் கேட்பதில்லை. தனியார் வீட்டுச் சம்பு என்றால் அது அந்த வீட்டாரின் கவலை. பொதுச் சம்பில் கோளாறு என்றால் அதைக் குடிப்பது ஒரு வார்டு முழுவதும்.

மேல்நிலைத் தொட்டி கசிந்தால் ஊருக்கே தெரியும். தூணில் ஈரம் இறங்கும், பாசி பிடிக்கும், பக்கத்தில் கடை வைத்திருப்பவர் மறுநாளே உறுப்பினருக்குப் போன் செய்வார். தரைக்குக் கீழே இருக்கும் தொட்டிக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. அதிலும் நம் ஊர் மண் மணல். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், முதுநகர் பக்கம் கடல் மணல். கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் இடையே மஞ்சக்குப்பம், செம்மண்டலம் பகுதிகளில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மணல். களிமண் நிலமாக இருந்தால் கசிந்த நீர் எங்காவது ஊறி மேலே வந்து, சேறாக நின்று காட்டிக்கொடுக்கும். மணலில் எவ்வளவு இறங்கினாலும் மேல்தரை உலர்ந்தே கிடக்கும். மேட்டுநிலமான கேப்பர் மலையிலும் நிலைமை வேறல்ல. புவியியலாளர்கள் நம் ஊர்ப் பெயரிலேயே கடலூர் மணற்கல் என்று அழைக்கும் பாறை அங்கே இருக்கிறது. அது நீரை உறிஞ்சித் தன்னுள் தேக்கிவைக்கும் பாறை. ஆழ்துளைக் கிணறுகளில் நமக்கு நல்ல தண்ணீர் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தொட்டியில் ஓட்டை இருந்தால் அதையும் அதே பாறை சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள ஒரு சம்பில் ஓர் இரவில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுண்டுவிரலின் அகலம்கூட முழுதாக இருக்காது. ஆனால் போன தண்ணீர் 1,000 லிட்டர். மாதத்துக்கு 30,000 லிட்டர். அதை ஆழத்திலிருந்து இறைக்க மின்கட்டணம் கட்டியாயிற்று, குளோரின் கலந்தாயிற்று, ஆபரேட்டருக்குச் சம்பளமும் கொடுத்தாயிற்று. இதற்குப் பிறகுதான் அது மணலுக்குப் போகிறது. கோடையில் கடைசித் தெருவில் குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும் பெண்களிடம், வரத்துக் குறைவு என்று சொல்வதற்கு முன் இந்த ஒரு சென்டிமீட்டரை அளந்துவிட்டுச் சொல்வது நியாயம்.

ஆனால் தண்ணீர் வெளியே போவதைவிட எனக்குப் பயம் தருவது, தண்ணீர் உள்ளே வருவது.

கோடையில் நிலத்தடி நீர்மட்டம் சம்பின் அடித்தளத்துக்குக் கீழே கிடக்கும். அப்போது விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளிருந்து வெளியே போகும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழாகிவிடும். தாழ்வான தெருக்களில் நாலைந்து அடி தோண்டினாலே ஊற்றெடுக்கும். சம்பின் ஆழமோ பத்தடி. அதாவது தொட்டியின் பாதிப் பங்கு நிலத்தடி நீரில் மூழ்கி நிற்கிறது. விடியற்காலையில் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி முடிக்கும்போது சம்புக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மார்பளவுக்கு நிற்கும். மே மாதத்தில் எந்த விரிசல் வழியாக நல்ல தண்ணீர் வெளியே போனதோ, அதே விரிசல் வழியாக நவம்பரில் ஊற்றுநீர் உள்ளே வரும். அந்த ஊற்றுநீரில் என்ன கலந்திருக்கும் என்பது பக்கத்தில் எந்தக் கழிப்பிடத்தின் தொட்டி, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் மழைக்காலத்தில் ஏறுவதற்குக் காரணம் தேடும்போது குழாய் உடைப்பைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். குழாய்க்கு முன்னால் இருக்கும் தொட்டியையும் தேடுங்கள் என்கிறேன்.

நம் ஊர் வெள்ளத்தை அறியாத ஊர் அல்ல. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் மழை எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரோடு தென்பெண்ணை பெருகி வந்து நாணமேடு, உச்சிமேடு, தாழங்குடா, குண்டு உப்பலவாடிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளம் வடிந்தபின் பேச்சு சாலை, பாலம், பயிர், நிவாரணம் என்றே போகிறது; போகத்தான் வேண்டும். ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய தரையின் கீழே இருக்கும் தொட்டியும் மூழ்கித்தான் இருந்தது. சுற்றிலும் மண் ஊறி இளகி, ஒரு பக்கம் இறங்கினால் சுவரும் அடித்தளமும் சேரும் இடத்தில் பிளவு விழும். மேலே பெயின்ட் அப்படியே இருக்கும்.

இந்த மாவட்டத்தில் ஓர் உள்ளாட்சியின் சம்பை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பழி அங்கே வேலை செய்யும் கடைநிலை ஊழியரின் தலையில்தான் விழும். மூடி இரும்புத் தகடு. கடற்காற்றில் ஒரு மூலை அரித்துப்போய்க் கை நுழையும் அளவுக்கு இடைவெளி; அதில் ஒரு பழைய சாக்கை மடித்துத் திணித்திருந்தார்கள். காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் வலை இல்லை. நிரம்பி வழியும் நீருக்கான குழாயைச் சாலையோர வடிகாலுக்குள் விட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் அதில் தவறே தெரியாது. மழையில் வடிகால் நிரம்பி அந்தக் குழாயின் வாயைத் தாண்டிவிட்டால், வழிந்தோட வைத்த குழாயே சாக்கடைநீர் தொட்டிக்குள் வரும் வழியாகிவிடும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஏணியின் கம்பிகள் துருவேறிப் பருத்து, இரண்டு படிகள் பாதியாகிவிட்டிருந்தன. எதிர்ச் சுவரில் இடுப்புயரத்தில், ஒருநாள் கான்கிரீட் போட்டு நிறுத்தி மறுநாள் தொடர்ந்த இடத்தில், நீளவாக்கில் வெள்ளையாகச் சுண்ணாம்பு உறைந்த ஒரு கோடு. அதன் கீழே பழுப்பு நிறத்தில் துருவின் தாரைகள். அந்த வெள்ளை உட்சுவரில் படிந்திருக்கிறது என்றால், தண்ணீர் வெளியிலிருந்து சுவரைக் கடந்து உள்ளே வந்து, கான்கிரீட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறது என்று பொருள்.

அந்தச் சம்பில் மோட்டாரை இயக்கும் ஆபரேட்டர் ஒன்று சொன்னார். மழைக்காலத்தில் வழக்கமான அளவு பிளீச்சிங் பவுடர் போட்டால் நீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் மஞ்சள் நிறம் சரியாக வருவதில்லையாம். அதனால் அந்த மாதங்களில் கொஞ்சம் கூட்டிப் போடுகிறாராம். குழாயடியில் கிடைக்கும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அதை எட்டுவதற்காக அவர் தன் அறிவைக் கொண்டு செய்த ஏற்பாடு அது. தொட்டிக்குள் அழுக்கு எதுவும் வராமல் இருந்தால் குளோரின் ஏன் கூடுதலாகச் செலவாக வேண்டும்? அவர் கண்டது ஒரு கசிவின் அடையாளம். ஆனால் அவருடைய பதிவேட்டில் மோட்டார் ஓடிய நேரம், பவுடரின் அளவு ஆகியவற்றுக்குத்தான் கட்டம் இருந்தது. இப்படி ஒரு சந்தேகத்தை எழுத இடம் இல்லை. உங்கள் ஊழியர்களிடமும் இப்படிப்பட்ட அறிவு ஏராளமாக இருக்கும். முதலில் அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அங்கேயே மிச்சமாகும்.

சோதனை எப்படி என்பதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். நீர்த்தேக்கக் கட்டுமானங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3370 அதைத் தெளிவாகச் சொல்கிறது. தொட்டியை நிரப்பி, கான்கிரீட் நீரை உறிஞ்சி முடிக்க 7 நாள் விட வேண்டும். அதன்பின் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 7 நாள்கள் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். மேலே மூடப்பட்ட தரைகீழ்த் தொட்டியில் அந்த 7 நாளில் மொத்த இறக்கம் 40 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் பொதுவாக அது நீர்புகாத் தொட்டி என்று ஏற்கலாம். தாண்டினால் வேலை இருக்கிறது. தேவைப்படும் கருவி ஓர் அளவுகோலும் ஒரு நோட்டும்.

இரண்டு வாரம் சம்பை நிறுத்தினால் மக்கள் தண்ணீருக்கு எங்கே போவார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம். இரண்டு அறைகளாகத் தடுத்துக் கட்டிய சம்பு என்றால் ஒவ்வோர் அறையாக நிறுத்திச் சோதிக்கலாம். ஒரே அறை என்றால், முதல் சல்லடையாக இரவுச் சோதனை போதும். இரவு பத்து மணிக்கு வரத்து வால்வையும் ஏற்று வால்வையும் மூடி மட்டத்தைக் குறித்துக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்குப் பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: வால்வே சரியாக மூடாமல் நீரை விட்டால் தொட்டி கசிவதுபோலத் தோன்றும். எனவே சந்தேகம் வந்த இடத்தில் வால்வுக்குப் பக்கத்தில் தகடு வைத்து அடைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கோடையில் மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். நவம்பரில் சம்பு குறைவாக இருக்கும் நேரத்தில் வால்வுகளை மூடி, மட்டம் ஏறுகிறதா என்று பார்ப்பது மறுபாதி. ஏறினால் அந்தத் தொட்டியிலிருந்து அன்றைக்குக் குடிநீர் விடக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

சரிசெய்வது எப்படி என்பதில் ஓர் எச்சரிக்கை. உட்புறம் ஒரு சிமென்ட் பூச்சு, மேலே ஒரு பெயின்ட், வாசலில் ஒப்பந்ததாரர் பெயர் என்று முடிக்கும் வேலை வேண்டாம். வெளியிலிருந்து அழுத்தும் நீர் உட்பூச்சைச் சுவரோடு ஒட்டியிருக்க விடாது. இரண்டு மழைக்குள் பொருக்குப் பொருக்காக உரிந்து தண்ணீரிலேயே விழும். விரிசலுக்குள் அழுத்தத்தோடு கலவையைச் செலுத்தி அடைக்க வேண்டும். இணைப்புகளைக் கொத்தித் திறந்து மறுபடி கட்ட வேண்டும். அதன் மேல்தான் குடிநீருக்கு ஏற்றதென்று சான்று பெற்ற பூச்சு. துருவேறிய கம்பி இருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் மேலே மூடிவிடக் கூடாது. துரு கம்பியைவிடப் பருமன் கூடியது, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். உப்புக்காற்றும் உப்புநீரும் உள்ள கடலூரில் இது மற்ற ஊர்களைவிட வேகமாக நடக்கும். செங்கல்லால் கட்டிய பழைய சம்புகள் இருந்தால் அவற்றை ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவதைவிட மாற்றுவதே நல்லது. புதிதாகக் கட்டும்போது ஐ.எஸ். 3370 கேட்கும் எம் 30 என்ற வலுத்தரக் கான்கிரீட்டையும், இணைப்புகளில் நீர்த்தடுப்புப் பட்டையையும் டெண்டரிலேயே எழுதி, பில் பாஸ் செய்வதற்கு முன் அந்தப் பதினான்கு நாள் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். பணம் கொடுத்த பிறகு வைக்கும் சோதனையில் எந்தத் தொட்டியும் தோற்பதில்லை.

இவ்வளவுக்கும் முன், இந்த மாதமே செய்யக்கூடியவை சில உண்டு. அரித்த இரும்பு மூடிகளைத் துருப்பிடிக்காத ஃபைபர் மூடிகளாக மாற்றலாம். மூடியின் விளிம்பை வெள்ளம் நின்ற உயரத்துக்கு மேலே எழுப்பலாம். காற்றுப்போக்கிகளுக்கு வலை போடலாம். வடிகாலுக்குள் விட்ட குழாய்களை மேலே தூக்கி, நீர் திரும்பாத வால்வு வைக்கலாம். இவற்றின் செலவு ஒரு வரவேற்பு வளைவின் செலவைத் தாண்டாது.

பொறியாளர்கள் அறிந்ததுதான், ஆனாலும் உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். சம்பைக் காலிசெய்து சுத்தம் செய்வதும் பழுதுபார்ப்பதும் மழைக்காலத்தில் ஆகாது. மூன்று மீட்டர் ஆழமுள்ள, நான் முன்பு சொன்ன பத்துக்குப் பத்துத் தொட்டி, அதைச் சுற்றி நிலத்தடி நீர் இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏறி நின்றால், 200 டன் விசையால் மேல்நோக்கித் தள்ளப்படும். உள்ளே நீர் இருக்கும்வரை அதன் எடை தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். காலிசெய்துவிட்டால் படகுபோல எழும்பப் பார்க்கும். எழும்பாவிட்டாலும் அடித்தளம் விண்டுபோகும். ஆகவே சித்திரை முதல் ஆடி வரையே இந்த வேலைக்கான காலம். டெண்டர் கோப்பு அறை அறையாகச் சுற்றி ஐப்பசியில் வேலை உத்தரவு வந்தால், அந்த ஆண்டு போயிற்று.

இனிக் கழிவுநீர்த் தொட்டிகள். ஒரு பொதுக் கழிப்பிடத்தின் செப்டிக் டேங்க் பல ஆண்டுகளாக நிரம்பவே இல்லை, லாரி கூப்பிடத் தேவையே வரவில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்தத் தொட்டியைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தும் இடத்தில் தொட்டி நிரம்பாமல் இருப்பதற்கு ஒரே வழி, அது கீழே ஒழுகுவதுதான். அடித்தளமே போடாமல் உறைகளை இறக்கிக் கட்டிய தொட்டிகள் நம் பக்கத்தில் சாதாரணம். செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் விடும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று செப்டிக் டேங்குகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470 சொல்கிறது. முதுநகரின் நெருக்கமான தெருக்களில் 18 மீட்டருக்குள் எத்தனை வீட்டு அடிபம்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இந்தத் தொட்டிகளைச் சோதிக்க அளவுகோல்கூட வேண்டாம். எந்தத் தொட்டியை எந்தத் தேதியில் எத்தனை லாரி உறிஞ்சினார்கள் என்ற கணக்கை எடுத்தாலே, எது ஒழுகுகிறது என்பது தாளில் தெரிந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது உறிஞ்சப்படாத தொட்டி, ஒன்று பயன்பாட்டில் இல்லை, அல்லது ஒழுகுகிறது.

பாதாளச் சாக்கடை இணைப்புக் கிடைத்த இடங்களில் பழைய தொட்டியை என்ன செய்தோம் என்பதும் ஒரு கேள்வி. மேலே ஒரு கடப்பாக்கல் பலகையைப் போட்டுவிட்டால் அது மூடப்பட்ட தொட்டி ஆகாது. உள்ளே இருப்பதை முழுக்க உறிஞ்சி எடுத்து, அடித்தளத்தை உடைத்து, மணல் நிரப்பி, அந்த இடத்தைப் பதிவேட்டில் குறித்தால்தான் அது முடிந்த கணக்கு. பள்ளி வளாகங்களில் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பலகை உடைந்து குழந்தை விழுந்தது என்ற செய்தியைத் தமிழ்நாட்டில் நாம் பலமுறை படித்துவிட்டோம்.

இந்தச் சோதனைகளுக்காகவோ பழுதுக்காகவோ ஒரு மனிதரைக்கூடக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதைத் தடைசெய்திருக்கிறது. தொட்டிக்குள் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒப்பந்ததாரர் எங்கிருந்தோ ஆளைக் கூட்டிவந்தார், எங்களுக்குத் தெரியாது என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன், நீங்களும் ஏற்கக் கூடாது. நிலத்துக்குள் அடைபட்ட வாயு என்ன செய்யும் என்பதைப் பக்கத்திலேயே பார்த்தோம். புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் மாதம் பாதாளச் சாக்கடையின் நச்சு வாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் வந்து, ஒரு பள்ளி மாணவி உட்பட மூன்று பேரின் உயிரைப் பறித்தது. அவர்கள் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கவில்லை, சொந்த வீட்டில்தான் இருந்தார்கள். குடிநீர்ச் சம்புகூட நாள்கணக்கில் மூடிக்கிடந்தால் உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்கும் என்று நம்பக் கூடாது. மூடியைத் திறந்து, காற்றை உள்ளே செலுத்தி, வாயுவை அளந்து, இடுப்பில் கயிறும் மேலே காவலுக்கு ஆளும் இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது.

டீசல் தொட்டிகளையும் தொட்டுவிட்டுப் போகிறேன். பஸ் பணிமனைகள், பெட்ரோல் பங்குகள், மருத்துவமனை ஜெனரேட்டர்கள் ஆகியவற்றின் தரைகீழ் எண்ணெய்த் தொட்டிகள் உங்கள் சொத்து அல்ல. ஆனால் அவை கசிந்தால் கெடுவது உங்கள் மக்கள் குடிக்கும் நீர். சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடி எண்ணெய்க் குழாயின் கசிவு வெளியே தெரிந்தது வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தபோதுதான். அந்தப் பகுதி மக்கள் பட்ட பாடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வோர் எண்ணெய்த் தொட்டியின் வயதையும், ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா என்பதையும், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கி வைக்க மாநகராட்சிக்குத் தடை எதுவும் இல்லை.

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய தொழில்நுட்பத்தைவிட அவர்கள் போன வரிசை. எண்ணெய்த் தொட்டிகள் ஊர் ஊராகக் கசிவது தெரிந்ததும் 1984இல் சட்டம் செய்தார்கள். முதலில் கேட்டது பதிவு: தரைக்குக் கீழே எவரிடம் என்ன தொட்டி, எத்தனை வயது என்று 1986க்குள் அறிவிக்க வேண்டும். அதன்பின் 1988இல் விதிகள் வந்தன. துருப்பிடித்தலுக்கும் நிரம்பி வழிதலுக்கும் சிந்துதலுக்கும் பாதுகாப்பு இல்லாத பழைய தொட்டிகளை 1998 டிசம்பர் 22க்குள் மேம்படுத்து, இல்லை மாற்று, இல்லை மூடு என்று பத்தாண்டுக் கெடு வைத்தார்கள். நகராட்சிகளும் அரசுத் துறைகளும் வைத்திருந்த தொட்டிகளுக்கும் அதே கெடு. பொதுச் சொத்து என்று விலக்கு இல்லை. கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கசிவு உறுதியாகியிருக்கிறது. தேடியதால்தான் அத்தனை கிடைத்தது. நாமும் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் எண், இருக்கும் இடம், கட்டிய ஆண்டு, எதனால் கட்டியது, கொள்ளளவு, கடைசியாகச் சுத்தம் செய்த நாள், சோதித்த நாள், கண்ட இறக்கம் எவ்வளவு. இதை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அந்தந்த வார்டில் மக்கள் கூடும் பகுதி சபையில் வாசியுங்கள்.

எந்தத் தொட்டி கசிகிறது என்று நான் இங்கே குற்றம் சாட்டவில்லை. சோதிக்காமல் அதை நானும் சொல்ல முடியாது, கசியவில்லை என்று நீங்களும் சொல்ல முடியாது. நகராட்சியாக இருந்த கடலூர் 2021இல் மாநகராட்சியானது. பழைய நகராட்சி காலத்துத் தொட்டிகளும் பின்னால் கட்டியவையும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. புதிய மேல்நிலைத் தொட்டிக்கு அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டு எல்லாம் உண்டு. ஒரு பழைய சம்பின் விரிசலை அடைத்ததற்கு எந்தக் கல்வெட்டும் வைக்க முடியாது என்பதை நான் அறிவேன். மன்றத்தில் நிதி கேட்டு எழும்போது அதனால்தான் இந்த வேலை கடைசிக்குத் தள்ளப்படுகிறது. மத்திய அரசின் அம்ருத் 2.0 ஆனாலும் மாநில நிதி ஆனாலும், வீடு வீடாகக் குழாய் இணைப்புக் கொடுக்கும் திட்டம் எதுவும் நல்ல தொட்டி இல்லாமல் நல்ல தண்ணீரைக் கொடுக்காது. ஆகவே ஒரு தீர்மானம் கேட்கிறேன்: இப்போதிருக்கும் சம்புகள் சோதிக்கப்பட்டு முடிவு வெளியாகும்வரை, புதிய சம்பு எதற்கும் டெண்டர் விடுவதில்லை என்று மன்றம் முடிவு செய்யட்டும். அவசரம் என்று பொறியாளர் எழுத்தில் காரணம் கொடுக்கும் இடங்களுக்கு மட்டும் விலக்கு இருக்கட்டும்.

மாமன்ற உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கட்சி எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் வார்டுக்குத் தண்ணீர் எந்தச் சம்பிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருநாள் காலையில் மோட்டார் ஓடும் நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஆபரேட்டரிடம் மழைக்காலத்தில் பவுடர் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் கழிப்பிடம் இருந்தால் அங்கிருந்து சம்பு வரை நடந்து, எத்தனை எட்டு என்று பாருங்கள். மன்றத்தில் நீங்கள் பேசும் பேச்சுக்கு அதன்பின் வரும் கனம் வேறாக இருக்கும்.

கட்டட வேலை அறிந்தவர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், கல்லூரி மாணவர்கள் என்று இந்த ஊரில் அளவுகோலைப் பிடிக்கக் கைகள் நிறைய இருக்கின்றன. கூலி கேட்க மாட்டோம். உங்கள் ஊழியர் வால்வை மூடினால், இரவு முழுவதும் இருந்து மட்டத்தைக் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளைக் காலையில் கொடுத்துவிட்டுப் போவோம். அடுத்த மாமன்றக் கூட்டத்தின் பொருளில் இதைச் சேர்த்து, எந்தத் தேதியில் எந்தச் சம்பில் முதல் அளவு எடுக்கப்போகிறீர்கள் என்று அறிவியுங்கள். அன்று இரவு பத்து மணிக்கு அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்த ஒரு குடிநீர் இணைப்புதாரர்
கடலூர்